நானூறு குடம்

ஐந்தாம் வகுப்பில் அந்த வருஷம் பிள்ளைகளுக்கு என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு எங்கே பிறந்து எங்கே போய்ச் சேருகிறது, எந்தப் பிராணி எதைத் தின்று உயிர் வாழ்கிறது, அரையும் முக்காலும் சேர்ந்தால் எவ்வளவு, கடிதத்தில் முகவரியை எங்கே எழுத வேண்டும். இதெல்லாம் வந்த சுவடு தெரியாமல் கொத்தனாரின் வீட்டைக் கடந்து போயிற்று. கன அளவு என்று ஒரு பாடம் வந்தது பாருங்கள், அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று.

மகளுக்குப் பத்து வயது. நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினால் ஒரு பெட்டிக்குள் எவ்வளவு கொள்ளும் என்று கண்டுபிடித்துவிடலாம் என வகுப்பில் சொன்னதும் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அப்பாவின் பையிலிருந்து டேப்பை உருவிக்கொண்டு அரிசி டப்பாவை அளந்தாள், துணிப்பெட்டியை அளந்தாள், மாடிப்படிக்கு அடியில் நாய் படுக்கிற பெட்டியை நாய் உள்ளே இருக்கும்போதே அளந்து கடி வாங்கப் பார்த்தாள். வேலை நடக்கிற இடத்துக்கு அவள் வந்தால் சித்தாள் பெண்கள் 'இன்ஜினியரம்மா வந்தாச்சு' என்று எழுந்து நின்று கேலி செய்வார்கள். அவளும் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் தலையாட்டிக்கொள்வாள்.

டேப் போனதில் கொத்தனாருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வீட்டுக்காரர்கள் பார்த்தால் மதிப்பாக இருக்குமே என்றுதான் அதைப் பையில் வைத்திருந்தார். இருபத்தெட்டு வருஷமாகக் கண்ணால் அளக்கிறவர். ஒரு சுவரை எட்டி நின்று பார்த்தாலே எத்தனை செங்கல், எத்தனை சட்டி கலவை என்று சொல்லிவிடுவார், சொன்னால் சொன்னதுதான். குடி கிடையாது, புகை கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம் வாயில் இருந்தது. யார் எதைக் கேட்டாலும், "அதுக்கென்ன, பண்ணிடலாம்" என்பார்.

இந்தத் தொட்டி விஷயமும் அப்படித்தான். பத்திர அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் ஒருவர் தன் வீட்டு மொட்டைமாடியில் செங்கல்லில் தண்ணீர்த் தொட்டி கட்டச் சொன்னார். மூலையில், இரண்டு சுவர்கள் சேருகிற இடத்தின்மேல் கட்டுவதாகத்தான் முதலில் பேச்சு. துணி காயப்போட வெயில் மறைக்கும், நடுவில் தள்ளிக் கட்டலாமா என்று கேட்டார். அதுக்கென்ன என்றார் கொத்தனார். பாதி எழும்பியபோது, தண்ணீர் கூடுதலாகக் கொள்ளட்டுமே, நாலு வரிசை ஏற்றிவிடலாமா என்று கேட்டார். அதுக்கென்ன என்றார் கொத்தனார். நடுவில் என்றால் பின்னறைக்கு நேர் மேலே. பின்னறையில்தான் எழுத்தரின் மனைவி தினமும் சாயந்தரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். கொத்தனாரின் மகளும் அதில் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை மகள் அந்த வெறும் தொட்டிக்குள் இறங்கி அளந்து வந்தாள். வீட்டுப்பாடம் அது. தண்ணீர் பிடிக்கிற ஏதாவது ஒன்றை அளந்து கன அளவு கண்டுபிடி, அதில் எத்தனை குடம் தண்ணீர் கொள்ளும் என்று எழுது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கு. செவ்வாய்க்கிழமை காலையில் கொத்தனார் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது நோட்டை நீட்டினாள்.

"ரெண்டரை மீட்டர் நீளம், ரெண்டு மீட்டர் அகலம், உயரம் ஒண்ணு புள்ளி ரெண்டு. ஆறாயிரம் லிட்டர்பா. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. அப்ப ஆறாயிரம் கிலோ. நம்ம வீட்டுக் குடத்துல நானூறு குடம்."

பாதி முகத்தில் நுரையோடு அவர் சிரித்தார். ஓடுகிற சாமானுக்கு என்ன பெரிய கனம் வந்துவிடப் போகிறது என்றார்.

"ஓடினா கனம் இல்லாமப் போயிடுமாப்பா?"

உங்கள் டீச்சர் தண்ணீரைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார்களா என்று கேட்டுவிட்டு, நுரை பட்ட விரலைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடுகிற இடத்தில் போட்டார். படித்தெல்லாம் பார்க்கவில்லை. வருஷம் முழுக்க அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் தொட்டியில் முதன்முதலாகத் தண்ணீர் ஏற்றுவதாக ஏற்பாடு. பூச்சு நன்றாக இறுகிவிட்டது, மத்தியானம் இரண்டு மணிக்கு மோட்டாரைப் போடுங்கள், விளிம்பு வரை நிரம்பட்டும், கசிவு இருந்தால் தெரிந்துவிடும் என்று எழுத்தரிடம் சொல்லிவைத்திருந்தவர் கொத்தனார்தான். எழுத்தர் அதற்கென்றே விடுப்பு எடுத்திருந்தார். கொத்தனாருக்கு வேறு வேலை இல்லாததால் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தார்.

அவர் குடியிருந்தது மாடியில். தண்ணீர்க் குழாய் கீழே. நாலேகால் மணிக்குத் தண்ணீர் வந்ததும் அவர் மனைவி குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு படியேறினாள். ஆறாவது குடத்தோடு வாசலில் நின்று, மணிக்கட்டு விட்டுப்போகிறது, வாங்கி உள்ளே வையுங்கள் என்றாள். அவர் ஒரு கையால் அலட்சியமாக வாங்கினார். சிமெண்ட் மூட்டை தூக்குகிறவருக்கு ஒரு குடம் எம்மாத்திரம். சமையலறையில் மற்ற ஐந்து குடங்களுக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தார். தரை லேசாக அதிர்ந்தது. அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின.

அவர் அப்படியே நின்றார். ஆறு குடம்தான். அந்தச் சின்னச் சமையலறையில் ஆறு குடம் வைத்ததற்கே தரைக்குத் தெரிகிறது. நானூறு என்று காலையில் மகள் சொன்னது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

நாலு வரிசை ஏற்றச் சொன்னபோது அவர் யோசிக்காமல் தலையாட்டிவிடவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டுத்தான் பார்த்தார். நாலு வரிசைக்கு இருநூறு செங்கல், நாலு மூட்டை மணல், ஒரு மூட்டை சிமெண்ட், தளம் தாங்கும். செங்கல்லும் மணலும் ஆள் தலையில் ஏறி மேலே போகிறவை. எதை ஆள் சுமக்கிறானோ அதன் கனம்தான் கொத்தனாருக்குத் தெரியும். தண்ணீரை யாரும் சுமந்துகொண்டு போய் மாடித் தொட்டியில் கொட்டியதில்லை. பொத்தானை அமுக்கினால் அது தானே ஏறிக்கொள்கிறது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் தண்ணீரைக் கணக்கில் சேர்த்ததில்லை.

போனை எடுத்து எழுத்தரைக் கூப்பிட்டார். எழுத்தர் உற்சாகமாகப் பேசினார். பொட்டுக் கசிவு இல்லை, முக்காலுக்கு மேல் ஏறிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு யார் கட்டியது என்று விசாரித்தார், உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன் என்றார். கொத்தனார் வாயைத் திறந்தார். மோட்டாரை நிறுத்துங்கள் என்ற இரண்டே சொற்கள். அவை வந்தால் கூடவே ஏன் என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் சொன்னால் இருபத்தெட்டு வருஷப் பெயர் போகும். அதுவும் பத்து வயதுப் பெண் போட்ட பெருக்கலை நம்பி. அவள் ஒரு புள்ளியை மாற்றி வைத்திருந்தால்?

"ஒண்ணுமில்ல சார். சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மனைவி வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க சும்மா? அங்க பொண்ணு உக்காந்திருப்பாளே இந்நேரம்."

இதை அவர் மறந்துவிட்டிருந்தார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் நிஜம். தன் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷத்தில் பெற்ற பெண் நினைவில் இல்லை. அந்த வெட்கம் அவரைப் பிடரியில் பிடித்துத் தள்ளியது. செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார். எழுத்தருக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கும்படி மனைவியிடம் கத்திச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

வழக்கமாகக் கால் மணி நேரப் பாதை. போகிற வழியெல்லாம் மனசுக்குள் குடங்களை அடுக்கிக்கொண்டு போனார். பத்துப் பத்தாக அடுக்கினார். பின்னறைத் தளத்தில் நூறு வைப்பதற்குள்ளேயே இடமில்லாமல் போயிற்று, அதற்குமேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கவேண்டியிருந்தது. இரண்டாவது நூறில் அவருக்கு எண்ணத் தைரியம் இல்லை. முச்சந்தியில் ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது, அதற்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து போனார். ஓட்டுநர் கெட்ட வார்த்தையில் திட்டினார். கொத்தனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் கணக்கில் தப்புப் பண்ணியிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே மிதித்தார். பிள்ளை கணக்கில் கோட்டைவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்ட தகப்பன் அந்தத் தெருவில் அன்றைக்கு அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

எழுத்தர் வீட்டு வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. முதல் வேலையாகச் சுவரில் இருந்த பொத்தானைத் தட்டி அணைத்தார். கூடத்து மேஜைமேல் எழுத்தரின் போன் அதிர்ந்துகொண்டே கிடந்தது. அவர் தொட்டியை வேடிக்கை பார்க்க மாடியில் நின்றிருந்தார். கொத்தனார் பின்னறை வாசலுக்குப் போய் நின்றார்.

பதின்மூன்று பிள்ளைகள். மூன்று வரிசை பெஞ்சு. கதவுக்குப் பக்கத்தில் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ திருத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தலையைக் குனிந்து பரீட்சை எழுதினார்கள். அவர் மகள் கதவிலிருந்து ரொம்பத் தூரத்தில், கடைசி பெஞ்சின் சுவரோர மூலையில் இருந்தாள். நோட்டில் விழுந்த வெள்ளைத் தூளை விரலால் தட்டிவிட்டு எழுதினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தட்டிவிட்டாள். கொத்தனார் மேலே பார்த்தார். தளத்தின் நடுவிலிருந்து கடைசி பெஞ்சு வரை முடி அளவுக்கு ஒரு கோடு. அது பார்க்கப் பார்க்க நீளுவதாக அவருக்குத் தோன்றியது. நிஜமாகவே நீண்டதோ என்னவோ, இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள் என்று தணிந்த குரலில் டீச்சரிடம் சொன்னார். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஐந்து நிமிஷத்தில் பரீட்சை முடிந்துவிடும், உங்கள் பெண்ணை மட்டும் வேண்டுமானால் கூட்டிப்போங்கள் என்றார். அங்கேதான் கொத்தனாரின் வாயில் இருபத்தெட்டு வருஷமாக வராத ஒன்று வந்தது.

"முடியாது டீச்சர். நான் கட்டினது தப்பு. இந்தத் தளம் தாங்காது."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாரும் எழுந்திருங்கள், பை வேண்டாம், ஓடாமல் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வாசலுக்குப் போங்கள் என்றார். குரல் நடுங்கினாலும் டீச்சர் குரல்தான், பிள்ளைகள் எழுந்தார்கள். கதவு குறுகல். கொத்தனார் அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். முதல் பெஞ்சு போயிற்று. இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் விழுந்த பென்சிலைத் தேடிக் குனிந்தாள். டீச்சர் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார். மகளை முதலில் கூப்பிட்டுவிட வேண்டும் என்று கொத்தனாரின் உடம்பு முழுக்கத் துடித்தது. கூப்பிட்டிருந்தால் அவள் மற்ற பிள்ளைகளை இடித்துக்கொண்டு வந்திருப்பாள், கதவில் எல்லாரும் சிக்கியிருப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பன்னிரண்டாவது பிள்ளை வெளியே போன பிறகும் மகள் பெஞ்சில் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா" என்றார்.

வீட்டுப்பாட நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தக் கோட்டுக்கு அடியில் நடந்து வந்தாள். நாலே எட்டு. அவள் தலை கைக்கு எட்டியதும் கொத்தனார் அவளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார், பத்து வயதுப் பெண்ணை, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க. அவள் வெட்கத்தில் நெளிந்தாள்.

அதற்குள் எழுத்தர் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். மோட்டாரை யார் நிறுத்தியது என்று கேட்டார். கொத்தனார் சொன்னார். எழுத்தர் சிரித்துப் பார்த்தார், கோபப்பட்டுப் பார்த்தார், கல்லுக்குண்டு மாதிரி நிற்கிற தொட்டியைப் பார்த்து ஏன் பயப்படுகிறீர்கள் என்றார். தொட்டியின் அடியில் இருக்கிற வடிகால் குழாயைத் திறந்துவிடக் கொத்தனார் மாடிப்படி பக்கம் ஓடினார். மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மேல போகாதப்பா. உன் கனமும் சேரும். கீழ இருக்கிற குழாயெல்லாம் திறந்துவிட்டா அதுவே காலியாயிடும்."

சமையலறை, குளியலறை, கை கழுவுகிற தொட்டி, தோட்டம், எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டார்கள். எல்லாமே முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் இருந்தன, அதுவரை நல்லது. தண்ணீர் வாய்க்கால் நிரம்பித் தெருவுக்கு வந்தது. பிள்ளைகளும் டீச்சரும் எழுத்தரும் எதிர்ச்சாரியில் நின்றார்கள். அக்கம்பக்கத்தார் கூடினார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை. யாரோ கொட்டாவி விட்டார்கள். எழுத்தர், ஊரைக் கூட்டிவிட்டீர்களே என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். தன் பெயர் அந்த வாய்க்காலில் போய்க்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது, போனால் போகட்டும், ஒன்றும் ஆகாமலே இருக்கட்டும் என்று நினைத்தார்.

அப்போதுதான் உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே பொத்தென்று பெரிதாக ஒன்று விழுந்தது. பின்னறை ஜன்னல் வழியாக வெள்ளைப் புழுதி கிளம்பியது.

முழுத் தளமும் இறங்கிவிடவில்லை. அந்தக் கோடு விட்ட இடத்திலிருந்து ஒரு துண்டு, கதவுப் பலகை அளவு இருக்கும், கம்பி தெரியப் பெயர்ந்து விழுந்திருந்தது. கடைசி பெஞ்சு இரண்டாக முறிந்து கிடந்தது. டீச்சர் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளில் சிலர் அழ ஆரம்பித்தார்கள். எழுத்தர் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார், முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பிறகு கொத்தனாரின் மகள் கையிலிருந்த நோட்டை வாங்கிப் பிரித்தார். இவ்வளவு கணக்கும் எங்கிருந்து வந்தது என்று பார்க்க நினைத்தாரோ என்னவோ. ஆறாயிரம் கிலோ. நானூறு குடம். பெற்றோர் கையெழுத்து. இன்றைய தேதி.

"காலையிலேயே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்ல ஒரு வழி இருந்தது. படிக்காமல் போட்ட கையெழுத்து என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. கொத்தனார் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா சார். நான்தான் சிரிச்சேன்."

எழுத்தர் நோட்டை மூடிக் கொடுத்தார். நாலு வரிசை ஏற்றச் சொன்னது நான்தான் என்று முணுமுணுத்தார். நீங்கள் கேட்கலாம், முடியாது என்று சொல்லியிருக்கவேண்டியவன் நான் என்றார் கொத்தனார். தண்ணீர் முழுக்க வடிகிறவரை யாரையும் உள்ளே விடாமல் வாசலில் நின்றார். நாளைக்குக் காலையில் முட்டுக் கொடுத்துவிட்டுத் தொட்டியைத் தானே இடித்து இறக்குவதாகச் சொல்லிவிட்டு, மனைவிக்குப் போன் செய்து பெண் பத்திரம் என்றார்.

திரும்பும்போது மகள் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். இரண்டு தெரு தாண்டியதும் கேட்டாள்.

"அப்பா, இதுக்கு முன்னாடி வேற வீட்லயும் தொட்டி கட்டியிருக்கியா?"

கொத்தனார் பிரேக்கைப் பிடித்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். பதினொன்று. எட்டு, தூண்மேலோ சுவர் மூலையிலோ நிற்பவை. மிச்சம் மூன்று. வெயில் மறைக்கும், கொஞ்சம் தள்ளிக் கட்டலாமா என்று கேட்ட மூன்று வீட்டுக்காரர்கள். அதுக்கென்ன என்று மூன்று பேரிடமும் சொன்னது நேற்றுப் போல நினைவிருந்தது. நீளமும் அகலமும் உயரமும்தான் நினைவில்லை.

அதில் ஒரு வீடு அடுத்த சந்தில் இருந்தது. ஏழெட்டு வருஷமாக நிற்கிறது, நிற்கிறதுதானே என்று மனசு ஒரு பக்கம் சொல்லிற்று. அவர் சைக்கிளை அந்தச் சந்துக்குத் திருப்பினார். கூடத்தில் விளக்கு எரிந்தது, உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நிறையப் பேர் இருக்கிற வீடு. அழைப்பு மணியை அழுத்தக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். மகள் சைக்கிளில் எப்போதும் தொங்குகிற அவருடைய வேலைப் பையைத் திறந்து டேப்பை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். அவர் மணியை அழுத்தினார்.

யாரது என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"கொத்தனாருங்க. உங்க மாடித் தொட்டியைக் கட்டினவன்" என்றார். செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி மீதியையும் சொன்னார். "நான் கட்டினதுல தப்பு இருக்கலாம். மோட்டார் ஓடினா நிறுத்துங்க. அளந்து பாக்க என் பொண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."